இமை இல்லாத ஹெட்மாஸ்டர்

காட்டுக் காசநோய் சானடோரியம், மூன்றாம் வார்டு
2001 நவம்பர் 14

உல்போசின்,

வந்து சேர்ந்துவிட்டேன். ரயிலில் நான் முதல் தடவை இருமியதுமே எதிர் சீட்டு அம்மாள் தன் ரொட்டிப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது இருமலுக்கு வேறு பெட்டிக்கே போய்விட்டாள். நல்லதாகப் போயிற்று, காலை நீட்டிப் படுத்து வந்தேன்.

இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் பைன் மரம். அரால் ஊரின் உப்புக் காற்றிலேயே முப்பத்தெட்டு வருஷம் இருந்தவளுக்கு இத்தனை மரத்தைப் பார்த்தால் யாரோ சுற்றி வளைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. தினமும் பதினேழு மாத்திரை, இடுப்பில் ஓர் ஊசி. நர்ஸ் எதிரிலேயே நின்று விழுங்கச் சொல்கிறாள், பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். வகுப்பில் பிள்ளைகளின் வாயைத் திறந்து சூயிங்கம் தேடிய டீச்சருக்கு இது வேண்டியதுதான். விழுங்கிய அரை மணியில் குடலே வெளியே வந்துவிடும் போல் குமட்டுகிறது. பக்கத்துக் கட்டில் பெண் மாத்திரைகளைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, பிறகு ஜன்னலோரப் பூந்தொட்டியில் புதைத்துவிடுகிறாள்.

ஹெட்மாஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் கணப்புக்குக் கரி வாங்க வழியில்லாமல் உயிரியல் அறையை மூடியபோது, கோட்டுக்குள் வைத்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்த மணல்பல்லி அது. ஏழு வருஷம் என்னோடு இருக்கிறது. அந்த முழிக்குத்தான் அந்தப் பேர் வைத்தேன் என்று உனக்குத் தெரியும். கிருமி சாக வீட்டில் குளோரின் அடிக்கிறவர்கள் வருவார்கள் என்பதால் கண்ணாடிப் பெட்டியின் மேல் போர்வை போட்டு, பல்பை அணைத்துவிட்டு வந்தேன். அவர்கள் போனதும் ஜன்னலைத் திறந்து வை. போர்வையை எடு, பல்பைப் போடு. வாரம் இரண்டு முறை மாவுப்புழு ஐந்து, தண்ணீர்த் தட்டில் கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான். பிரசவ நேரத்தில் உனக்கு இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் நினைத்தேன். "பத்து அடி தள்ளி இருக்கற வீட்டுக்கு வர்றதுல என்னக்கா கஷ்டம்" என்று நீதான் சாவியை வாங்கிக்கொண்டாய்.

ஓர் அசட்டுத்தனத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே. நான் மனசுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். ஹெட்மாஸ்டர் சாப்பிடுகிறவரை நானும் விழுங்குவேன். இங்கே பிடித்துக்கொள்ள எனக்கு வேறு எதுவும் இல்லை. அதனால் அது சாப்பிட்டதா என்று மறக்காமல் எழுது.

பகிலா


அரால், ரயில்வே குடியிருப்பு
நவம்பர் 28

அன்புள்ள பகிலா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபாலாபீஸ் ஷர்குல் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு விரல் நுனியில் பிடித்திருந்தாள். நானும் அதை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத்தான் பிரித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். பத்தொன்பதாம் தேதி, மூன்று கிலோ நூறு கிராம். அக்மரல் என்று பேர். பதினோரு வருஷம் காத்திருந்தோம், உங்களுக்குத் தெரியாததில்லை. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். அழுதால் என்ன ஆயிற்றோ என்று பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் ஒராஸ்பெக் ரயில் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் அவளும்தான். நாற்பது நாள் கழியும்வரை வெளி வாடை படக்கூடாது, யாரும் வரக்கூடாது, நானும் எங்கும் போகக்கூடாது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். எனக்கு ஏற்கெனவே உள்ள பயம் போதாதா.

ஹெட்மாஸ்டர் சௌக்கியம். சொன்னபடி போய்ப் பார்க்கிறேன். ஐந்து புழுவையும் தின்றுவிடுகிறது. வயிறு நிறைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, பச்சைக் குழந்தை மாதிரி சுகமாகத் தூங்குகிறது. ஆகவே நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்படாமல் மாத்திரையை விழுங்குங்கள்.

உல்போசின்


சானடோரியம்
டிசம்பர் 10

உல்போசின்,

குழந்தைக்கு என் வாழ்த்து. நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். அதற்கு இமையே கிடையாது. தூசி விழுந்தால் நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கித் துடைக்கிற ஜந்து அது. செத்தாலும் அதன் கண் மூடாது. ஏழாம் வகுப்புப் பாடம்.

நீ கதவைத் திறக்கவே இல்லை. போர்வையை எடுக்கவில்லை. இன்றோடு முப்பத்தாறு நாள் ஆகிறது.

என் வீட்டைப் பார்த்துப் பயந்திருக்கிறாய். குழந்தைக்காரி, பயப்படத்தான் செய்வாய். அது எனக்குப் புரிகிறது. "அக்கா, என்னால முடியல" என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஸ்டேஷன் காவல்காரனையாவது கெஞ்சியிருப்பேன். என்னுடைய ஒப்பந்தத்தைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் பொய் எழுதியிருக்கிறாய்.

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. நான்கு நாளும் நான் விழுங்கவில்லை. கன்னத்தில் எப்படி ஒதுக்குவது என்று பக்கத்துக் கட்டில் பெண் சொல்லிக்கொடுத்தாள். உன்னை மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. விழுங்கத்தான் பார்க்கிறேன், உள்ளே இறங்கவில்லை. அந்தப் போர்வைக்கடியில் அது திறந்த கண்ணோடு கிடப்பதுதான் எந்நேரமும் தெரிகிறது.

செத்துப்போயிருந்தால் செத்துவிட்டது என்று எழுது. இன்னொரு பொய் மட்டும் வேண்டாம்.

பகிலா


அரால்
டிசம்பர் 21

அக்கா,

உயிரோடு இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நான் போகவில்லை, நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. குளோரின் அடிக்க வந்தவர்கள் முகமூடி போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் வாசலில் என்னைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு இங்கயா நிக்கறது? ஆறு மாசத்துக்கு இந்தக் கதவு பக்கம் வராத" என்றார். அன்றைக்கே உங்கள் சாவியை உப்பு ஜாடிக்குள் போட்டு மூடினேன். மாடிப்படியில் ஏறும்போதுகூட உங்கள் கதவைத் தொடாமல் எதிர்ச் சுவரை ஒட்டிக்கொண்டுதான் ஏறுவேன். பொய் எழுதிய அன்று ராத்திரி பால் சுரக்கவில்லை. பயத்தினால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

உங்கள் கடிதம் முந்தாநாள் வந்தது. குழந்தை தூங்கியதும் ஒராஸ்பெக்கின் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு போனேன். உள்ளே போய் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? வாணலியில் அடிராஸ்பன் செடியைப் போட்டுக் கொளுத்தினேன். நம் வீடுகளில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அதைத்தானே முதலில் செய்வோம். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, மூலைமூலையாகப் புகையைக் காட்டினேன். கிருமிக்கும் காட்டினேன், கண்ணேறுக்கும் காட்டினேன். கண் எரிந்து தண்ணீர் கொட்டும்வரை காட்டினேன். அதற்குப் பிறகுதான் போர்வையை எடுத்தேன்.

மணல் மேல் காய்ந்த இலை மாதிரி ஒன்று கிடந்தது. வால் தீக்குச்சியாக இருந்தது. இடுப்பெலும்பு இரண்டும் தோலை முட்டிக்கொண்டு நின்றன. விரல்களைச் சுற்றிப் பழைய தோல் நூல் மாதிரி இறுகியிருந்தது. தட்டில் தண்ணீர் வற்றி உப்பு மட்டும் வெள்ளையாக இருந்தது. கண் திறந்துதான் இருந்தது அக்கா, ஆனால் குழி விழுந்திருந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போது புகை பெட்டிக்குள் இறங்க, அது வாயைத் திறந்தது. மூச்சுக்குத் திணறுகிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன். உறைகுளிர் உள்ளே பாய்ந்தது. புகையில் கொல்லப் போகிறேனா, குளிரில் கொல்லப் போகிறேனா என்று தெரியாமல் நடு அறையில் நின்றேன்.

பிறகு ஒராஸ்பெக்கின் முயல்தோல் தொப்பியில் அதைப் போட்டு உங்கள் சமையலறை ஹீட்டரைப் போட்டு அதன் மேல் வைத்தேன். ஒரு சொட்டு பால் தேநீர் கொடுத்தேன். வாயோரமாக வழிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து குளோரின் தண்ணீரில் கையைத் தேய்த்த தேய்ப்பில் விரலெல்லாம் வெடித்துவிட்டது.

இன்று காலை அக்மரல் இருமினாள். இரண்டு தடவை. ஒரு பல்லிக்காகப் போய் என் பிள்ளைக்கு எதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன் அக்கா? உங்களைத்தான் கேட்கிறேன். எனக்குக் கேட்க வேறு ஆளில்லை.

உல்போசின்


தந்தி
டிசம்பர் 28

சூடு முதலில். பிறகு நீர், சொட்டுச் சொட்டாக. பால் தேநீர் நிறுத்து. இரை இப்போது வேண்டாம். இறுக்கிப் பிடிக்காதே. ஷர்குலின் கடிதத் தராசில் வாரம் ஒரு முறை எடை போடு. குழந்தையை மருத்துவமனையில் காட்டு. கடிதம் பின்னால். பகிலா.


சானடோரியம்
டிசம்பர் 29

உல்போசின்,

குழந்தை விஷயம் முதலில். டீச்சராகச் சொல்கிறேன், காது கொடுத்துக் கேள். நான் கிளம்பி ஒன்றரை மாசம் கழித்துத்தான் நீ உள்ளே போனாய். குளோரின் அடித்தாயிற்று. இந்தக் கிருமி இருமுகிறவளின் மூச்சில்தான் வரும். சாவியிலும் போர்வையிலும் கடிதத்திலும் உட்கார்ந்துகொண்டு உனக்காகக் காத்திருக்காது. பிறந்த மறுநாளே தடுப்பூசி போட்டிருப்பார்கள். ஆனாலும் மார்பைக் காட்டு, டாக்டர் சொல்லட்டும். நான் சொன்னால் உனக்கு நம்பிக்கை வராது. எனக்கே சில நேரம் வருவதில்லை.

இனி ஹெட்மாஸ்டர். ஒன்று சொன்னால் சிரிப்பாய். நம் பாலைவனத்தில் இந்த மாசம் அது மணலுக்கடியில் முழ ஆழத்தில் அசையாமல் கிடக்கும், ஒன்றும் தின்னாது. நீ பல்பைப் போடாமல் விட்டதால் குளிரில் அப்படித்தான் கிடந்திருக்கிறது. பல்பை மட்டும் போட்டுவிட்டு இரையை மறந்திருந்தால் பத்து நாளில் கதை முடிந்திருக்கும். நீ அரைகுறையாகச் செய்யாமல் முழுசாக ஏமாற்றினாயே, அதில்தான் அது பிழைத்திருக்கிறது.

இப்போது அதை எழுப்பிவிட்டாய். இனி குளிரில் விட்டால் போய்விடும். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் பல்பு எரியட்டும், அது வேண்டும்போது தள்ளிப் படுக்கும். தீக்குச்சி நுனியில் ஒரு சொட்டு வெந்நீரை மூக்கில் வை. நக்கினால் இன்னொரு சொட்டு. அது நன்றாகக் குடிக்க ஆரம்பித்த பிறகு ஒரு புழுவை நசுக்கி, உள்ளே உள்ள வெள்ளையை மட்டும் உதட்டில் தடவு. மருந்துக் கடையில் கால்சியம் மாத்திரை கிடைக்கும், பொடி செய்து அதில் தொட்டுக்கொள். விரல் தோலை இழுக்காதே, விரலே வந்துவிடும். ஈரப் பஞ்சில் ஊறவைத்துத் தானாகக் கழலவிடு. கவனம், அதன் தோல் மீன் செதிலைவிட மோசம். கொஞ்சம் அழுத்தினாலும் உன் கையோடு வந்துவிடும். வாரா வாரம் எடை போடுவதை நிறுத்தாதே. நல்ல நாளில் அது முப்பது கிராம் இருந்தது.

என் கதை ஒன்று இருக்கிறது. டாக்டர் போன வாரம் ஜன்னலோரப் பூந்தொட்டியைத் தரையில் கவிழ்த்தார். எங்கள் இரண்டு பேர் மாத்திரையும் மண்ணோடு விழுந்தது. அவர் கத்தவில்லை. "இன்னும் ஒரு வாரம் இப்படி ஏமாத்துனீங்கன்னா, முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற கட்டடத்துக்கு மாத்திருவேன். அங்கேருந்து திரும்பி ரயிலேறினவங்கள நான் பார்த்ததில்ல" என்றார். அன்று மாலை விழுங்கினேன், நீ எழுதிய 'உயிரோடு இருக்கிறது' இன்னும் எனக்கு வந்து சேராதபோதே. இடையில் ஏமாற்றிய நாட்களில் கிருமி மருந்துக்குப் பழகியிருக்குமோ என்ற பயம் இப்போது கூடவே படுத்து எழுந்திருக்கிறது.

பகிலா


அரால்
ஜனவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

டாக்டர் அக்மரலின் மார்பில் குழாயை வைத்துப் பார்த்தார். சளிதான், நுரையீரல் சுத்தம் என்றார். ஆனால் மார்ச்சில் கையில் ஊசி குத்திப் பரிசோதிக்க வேண்டுமாம். அதுவரை எனக்குத் தூக்கம் இல்லை.

ஹெட்மாஸ்டர் முதல் வாரம் பதினான்கு கிராம். இரண்டாம் வாரம் பதின்மூன்று. அன்று தராசைத் தட்டித் தட்டி மூன்று தடவை பார்த்தேன். நேற்று பதினைந்து. தண்ணீர் நக்குகிறது. புழுவின் வெள்ளையை இரண்டு தரம் துப்பிவிட்டு மூன்றாம் தரம் விழுங்கியது. வலது முன்காலில் இரண்டு விரல் போய்விட்டன, நான் இழுக்கவில்லை, ஏற்கெனவே கறுத்திருந்தது. இன்னொன்று நான் செய்தது, மறைக்கப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை அதைக் கையில் வைத்திருந்தபோது எதிரே என் வீட்டில் அக்மரல் அலறினாள். பதற்றத்தில் கையை மூடிவிட்டேன். முதுகில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே சிவப்பாகத் தெரிகிறது. அது சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தராசுக்குக் கொண்டுபோனதில் ஷர்குலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தபால் போன மாதிரிதான். ஜனவரி இரண்டாம் தேதி அக்மரலுக்கு நாற்பது கழிக்கும் சடங்கு வைத்தேன். இறைச்சி வேகவைத்து, பவுர்சாக் மாவு உருண்டை பொரித்து, பதினைந்து பெண்களைக் கூப்பிட்டிருந்தேன். ஒருத்தியும் வரவில்லை. ஒருத்தி மட்டும் கீழே முற்றத்தில் நின்று, "தப்பா நெனச்சிக்காத உல்போசின், எங்க வீட்லயும் புள்ளைங்க இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

தண்ணீரில் வெள்ளி மோதிரத்தைப் போட்டு, குழந்தை மேல் ஊற்ற வேண்டிய நாற்பது கரண்டியையும் நானே ஊற்ற ஆரம்பித்தேன். முப்பத்தொன்பது வரை வந்தது. நாற்பதாவதை வேறொருத்தி வாழ்த்துச் சொல்லி ஊற்ற வேண்டும். எனக்குக் கை வரவில்லை. அப்படியே துவட்டித் தூக்கிவிட்டேன். நாற்பது முடியாத பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யாரையும் கேட்கவும் பயமாக இருக்கிறது.

ஒராஸ்பெக்கிடமும் சொன்னேன். தொப்பி பல்லியிடம் இருப்பதை எத்தனை நாள் மறைக்க முடியும்? "பல்லியா புள்ளையான்னு நீயே முடிவு பண்ணிக்க" என்றார். இப்போது ரயிலில் இருந்து இறங்கினால் டிப்போ ஓய்வறையில்தான் படுக்கிறார்.

ஏன் விடாமல் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் கதவுக்கு முன் நிற்கும்போது தினமும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் போகாவிட்டால் நீங்கள் விழுங்க மாட்டீர்கள் என்பது அதைவிடப் பெரிய பயமாக இருக்கிறது.

உல்போசின்


சானடோரியம்
ஜனவரி 26

உல்போசின்,

மணலை எடுத்துவிட்டு வெள்ளைத் துணி மேல் அதைப் போடு. புண்ணில் ஒன்றும் தடவாதே, காய்ந்து தானே மூடும். என் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதைவிட மோசமாகச் செய்திருக்கிறார்கள், பிழைத்துக்கொண்டது.

முற்றத்தில் நின்று பேசிவிட்டுப் போனவளைப் பற்றி எழுதியிருந்தாய். வேறு யார் வீடாகவாவது இருந்திருந்தால் நீயும் அந்த முற்றத்தில்தான் நின்றிருப்பாய். இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். அடிக்காமல் விடுகிறேன், நமக்குள் பொய் வேண்டாம் என்று நான்தானே சொன்னேன்.

எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. ஊசியினால்தான். முதலில் வலது காதில் கெட்டில் கொதிக்கிற மாதிரி விடாத விசில். பிறகு கைக்கடிகாரத்தின் டிக் டிக் நின்றுவிட்டது. கடிகாரம் கெட்டுவிட்டது என்று நினைத்து மேஜையில் தட்டினேன். நர்ஸ், "ஓடுதே டீச்சர்" என்று எழுதிக் காட்டினாள். ஊசியை நிறுத்தினால் மிச்சக் காதாவது நிற்கலாம், நுரையீரலுக்கு டாக்டர் வாக்குக் கொடுக்க மாட்டார். நான் தொடரச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் கழிவறையில் போய் அழுதேன். மெல்லிய சத்தம்தான் முதலில் போகுமாம். பெரிய சத்தம் கொஞ்ச காலம் இருக்குமாம்.

ஹெட்மாஸ்டர் வாலை ஆட்டியதா? கோபம் வந்தால் நான்கு காலில் எழும்பி நின்று, வாலை மெதுவாக வளைக்கும். வால் செதில்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் வரும், காய்ந்த வெங்காயத் தோலைக் கசக்குகிற மாதிரி. நான் அதைக் கொண்டுவந்த புதிதில் நீ அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் படியில் உருண்டாய். கோபப்படத் தெம்பு வந்துவிட்டால் அது பிழைத்த மாதிரி. அந்தச் சத்தம் போய்விடுவதற்குள் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று ஆசை. நடக்காது, தெரியும்.

கடைசியாக ஒன்று. ஒராஸ்பெக்கைக் கூப்பிட்டு வீட்டில் படுக்கச் சொல். உனக்குப் புருஷனும் பிள்ளையும் வேண்டும். நீ நாளையே என் கதவைச் சாத்தினாலும், அது செத்தாலும், நான் விழுங்குவேன். அந்த ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டேன். உன் தலையில் அதை வைத்தது தப்பு.

பகிலா


அரால்
பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கிழித்தால் ஆயிற்றா? நான் கிழிக்கவில்லை.

இருபத்தொரு கிராம். புண் மூடிவிட்டது, மேலே தோல் கண்ணாடிக் காகிதம் மாதிரி வந்திருக்கிறது. வால் என் சுண்டுவிரல் அளவு ஆகிவிட்டது.

ஒராஸ்பெக் சனிக்கிழமை துணி எடுக்க வந்தார். நான் உங்கள் வீட்டில் இருந்தேன். நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டு, "இன்னும் சாகலயா அது" என்று கேட்டார். அப்போது அது எழும்பியது. நான்கு காலிலும் நின்று, முதுகை வளைத்து, வாலை இப்படியும் அப்படியும். சத்தம் வந்தது அக்கா. வெங்காயத் தோலேதான். அப்புறம் அவரை நோக்கி ஒரு பாய்ச்சல் பாய்ந்து கண்ணாடியில் மோதியது. எண்பது பெட்டி இழுக்கிற வண்டியில் வேலை செய்கிற மனுஷன் பின்னால் துள்ளிக் கதவில் இடித்துக்கொண்டார். தலையைத் தடவிக்கொண்டார். "சரிதான், எங்க ஹெட்மாஸ்டரும் இப்படித்தான் பாய்வாரு" என்றார். அன்று வீட்டில்தான் படுத்தார். இப்போது டிப்போ கேன்டீனில் கரப்பான் பிடித்துத் தீப்பெட்டியில் கொண்டுவந்து நிலைப்படியில் வைக்கிறார். உள்ளே மட்டும் வரமாட்டார்.

அந்தச் சத்தம் வந்தபோது எனக்குச் சந்தோஷத்துக்குப் பதில் அழுகை வந்தது. நீங்கள் கேட்க வேண்டியதை நான் கேட்டுவிட்டேன்.

மார்ச் நான்காம் தேதி அக்மரலுக்குக் கையில் ஊசி. மூன்று நாள் கழித்து, வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்களாம். வேறு எதுவும் எழுத வரவில்லை.

உல்போசின்


சானடோரியம்
ஏப்ரல் 15

உல்போசின்,

குழந்தைக்குக் கை வீங்கவில்லை, ஒன்றும் இல்லை என்று நீ மார்ச்சில் எழுதிய ஒற்றை வரியை மடித்துத் தலையணைக்குள் வைத்திருக்கிறேன்.

என் சளியை மூன்று முறை சோதித்துவிட்டார்கள். மூன்று முறையும் கிருமி இல்லை. இனி என்னால் யாருக்கும் ஆபத்தில்லை என்று முத்திரை குத்திக் காகிதம் கொடுத்திருக்கிறார்கள். மே பதினொன்றாம் தேதி விடுகிறார்கள், மாத்திரையை மட்டும் வீட்டில் தொடர வேண்டும். பக்கத்துக் கட்டில் பெண்ணை முற்றத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். போன வாரம் அவள் போர்வையைக் கொதிக்கவைத்து வெயிலில் போட்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்து வந்தேன்.

வலது காது முழுசாகப் போய்விட்டது. இடதில் ஆண் குரலும் லாரிச் சத்தமும் மட்டும் கேட்கிறது. வகுப்பில் நிற்க முடியாது. பள்ளியில் வேறு டீச்சரைப் போட்டுவிட்டார்களாம்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அராலுக்கு வரப் பயமாக இருக்கிறது. முத்திரைக் காகிதத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டா தெருவில் நடப்பேன்? நான் பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் ரொட்டிப் பையை மடிக்கு இழுத்துக்கொள்வார்கள். என்னால் உன் வீட்டுக்கும் மறுபடி யாரும் வராமல் போவார்கள். இங்கே சலவைக்கூடத்தில் ஓர் ஆள் வேண்டுமாம், தங்க இடமும் தருகிறார்கள். இங்கே எல்லோரும் இருமுகிறவர்கள், யாருக்கும் யாரையும் கண்டு பயமில்லை. இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஹெட்மாஸ்டரை நீயே வைத்துக்கொள். உன்னைவிட நன்றாக யாரும் பார்க்க மாட்டார்கள்.

பகிலா


அரால்
ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஹெட்மாஸ்டர் இருபத்தெட்டு கிராம். நேற்று தராசுத் தட்டிலேயே நின்று ஷர்குலைப் பார்த்து வாலை ஆட்டியது. அவள் ஸ்டூலில் ஏறிக்கொண்டாள்.

பயப்பட ஒன்றுமில்லை, வாருங்கள் என்று நான் எழுதினால் அது ஹெட்மாஸ்டர் கண்ணை மூடித் தூங்கிய கதையாகிவிடும். ஆகவே அப்படி எழுத மாட்டேன். எனக்கு இன்னும் பயம்தான். காகிதத்தில் முத்திரை இருக்கிறது என்று படித்த பிறகும், உங்கள் பக்கத்தில் அக்மரலை வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்தால் அவளை இறுக்கி அணைத்துக்கொள்கிறேன். படியில் உள்ள மற்றவர்களுக்கும் பயம்தான். ஒராஸ்பெக்குக்கும்தான், அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். நீங்கள் வந்தால் சிலர் பையை மடிக்கு இழுத்துக்கொள்வார்கள், அதுவும் நடக்கும்.

ஆனால் உங்கள் கதவை நான் டிசம்பரில் பயம் போன பிறகு திறக்கவில்லையே. பயத்தோடுதானே திறந்தேன். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு போனேன், புகையைப் போட்டுப் பாதி கொன்றேன், தோலைப் பிய்த்தேன். அதையெல்லாம் தாண்டி அது பிழைத்திருக்கிறது.

சத்தம் கேட்காது என்று எழுதியிருந்தீர்கள். போன வாரம் அதன் வாலுக்கடியில் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒராஸ்பெக் நிலைப்படியிலிருந்து தொப்பியைக் காட்டி அதற்குக் கோபமூட்டினார். அது வாலை ஆட்டியது. சத்தம் கேட்கவில்லை. கையில் தெரிந்தது அக்கா, சின்னச் சின்னதாக, குழந்தையின் நெஞ்சில் கை வைத்தால் தெரியுமே, அந்த மாதிரி.

பதின்மூன்றாம் தேதி உங்கள் ரயில் வரும். நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். அக்மரலையும் தூக்கிக்கொண்டுதான் வருவேன். என் முகத்தில் பயம் தெரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் பல்பு எரிகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, சாவி இப்போது உப்பு ஜாடியில் இல்லை.

வெள்ளி மோதிரத்தையும் கரண்டியையும் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். என் பிள்ளைக்கு நாற்பதில் ஒன்று இன்னும் பாக்கி நிற்கிறது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊற்ற வேண்டியது நீங்கள்.

உல்போசின்